ஒரு குரங்கும் ஒரு ஸ்க்ரூ ஸ்பானரும்: நான்கு தடைக்காலங்களில் ஆடிய சாகச விளையாட்டுகள்

சென்ற மாதம் என் மச்சான் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பாம்பனில் விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக் அவர். ஏழாம் வகுப்பை முடித்த மகளுக்கு விடுமுறையில் கைப்பேசியில் ஆட ஏதாவது வாங்கித் தர நினைத்து, "நீங்க ஆடுவீங்களே மச்சான், அந்த யோசிக்கிற கேமு, அதுல எது நல்லது?" என்று கேட்டார். நான்கு வருடமாகப் பாயின்ட் அண்ட் கிளிக் சாகச விளையாட்டுகளை, அதாவது திரையில் தெரியும் பொருள்களை மௌஸால் கிளிக் செய்து புதிர்களை அவிழ்த்துக் கதையை நகர்த்தும் விளையாட்டுகளைத் தவிர வேறு எதையும் தொடாதவன் நான். பதினான்கு விளையாட்டுகளை முடித்திருக்கிறேன். அப்படியிருந்தும் நாக்கின் நுனிவரை வந்த பெயரை விழுங்கிவிட்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன். அந்த யோசனைதான் இது.

மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பதால், அந்த நாள்களில் ஐஸ் பார் ஏற்ற வண்டிகள் வருவது அரிது. நாட்டுப்படகுக்காரர்கள் வாங்கும் கொஞ்சம் ஐஸின் கணக்கைப் பதினொரு மணிக்குள் எழுதி முடித்துவிடலாம். மச்சானுக்கோ மூச்சுவிட நேரமில்லாத காலம் அதுதான். படகுகளெல்லாம் கரையேறி நிற்கும்போதுதான் இன்ஜின்களை இறக்க முடியும். இரவு எட்டு மணிக்கு மேல், எத்தனை முறை கழுவினாலும் கிரீஸ் வாசனை போகாத கைகளோடு வந்து என் பக்கத்தில் அமர்ந்து திரையைப் பார்ப்பார். ஆங்கிலம் அவருக்குப் படிக்க வராது. நான் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்ல, அடுத்து என்ன செய்யலாம் என்பதை அவர் சொல்லுவார். ஆகவே பதினான்கில் பாதியையாவது முடித்த பெருமை அவருக்கு உரியது.

கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய மடிக்கணினி ஒன்றும் அதில் ஸ்கம்விஎம் மென்பொருளும் போதும். 2001இல் முதன்முதலாக வெளிவந்த இந்த இலவச மென்பொருள், முப்பது வருடத்துக்கு முந்தைய விளையாட்டுகளின் கோப்புகளை இன்றைய கணினியிலும் கைப்பேசியிலும் ஓட்டித் தருகிறது. காசு செலவழிக்க விரும்பாதவர்கள் 1994இல் வந்த பினீத் எ ஸ்டீல் ஸ்கை, 1995இல் வந்த ஃப்ளைட் ஆஃப் தி அமேசான் குயின் ஆகிய இரண்டையும் ஸ்கம்விஎம் இணையதளத்திலிருந்தே முறைப்படி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கடலோரத்தில் இருப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்தக் காற்றிலுள்ள உப்பு எதையும் விட்டுவைப்பதில்லை. இந்தத் தடைக்காலத்தின் முதல் வாரத்தில் என் மடிக்கணினியைப் பிரித்த கடைக்காரர், உள்ளே பலகையின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்த களிம்பைக் காட்டி 1,800 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். மௌஸின் இடது பொத்தானும் கெட்டு, ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை அழுத்தியதாகப் பதிந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்கு இது சிறிய தொல்லையாக இருக்கலாம். உரையாடல் ஓடும்போது கிளிக் செய்தால் அந்த வரி தாண்டிப் போய்விடும் விளையாட்டுகள் பல உண்டு. அவற்றில் முக்கியமான துப்பு ஒன்று நான் படிப்பதற்குள் மறைந்துபோகும். மௌஸை மாற்றிய பிறகு, முன்பு முடித்த விளையாட்டு ஒன்றை மறுபடி ஆடியபோதுதான், எத்தனை வரிகளை இழந்திருக்கிறேன் என்பது தெரிந்தது.

இனிக் குரங்கின் கதைக்கு வருகிறேன். 1991இல் வெளிவந்த மங்கி ஐலண்ட் 2 என்ற விளையாட்டில், ஒரு தீவில் நீர்வீழ்ச்சி ஒன்று இருக்கிறது. அதன் மேலே உள்ள பம்பை நிறுத்தினால்தான் தண்ணீர் வற்றி, பின்னால் மறைந்திருக்கும் வழி தெரியும். பம்பைத் திருக ஒரு கருவி வேண்டும். எந்தத் தீவிலும் அப்படி ஒரு கருவி கிடைக்காது. விடை என்னவென்றால், வேறொரு தீவின் மதுக்கடையில் பியானோ வாசிக்கும் குரங்குக்கு முன்னால், இடமும் வலமும் ஆடி லயம் காட்டும் மெட்ரோனோமில் ஒரு வாழைப்பழத்தை மாட்ட வேண்டும். பழத்தையே பார்த்து மயங்கி விறைத்துப்போகும் குரங்கைத் தூக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கப்பலேறி வந்து, அந்தக் குரங்கையே பம்பில் மாட்டித் திருக வேண்டும். அமெரிக்காவில் ஒருவகைத் திருகுக் கருவிக்கு 'மங்கி ரிஞ்ச்', அதாவது குரங்கு ரிஞ்ச், என்று பெயராம். அந்தப் பெயர் தெரிந்திருந்தால் மட்டுமே இந்த விடை மனத்தில் தோன்றும்.

ஒன்பது இரவுகள் அந்தப் பம்பின் முன் நின்றோம். பையிலிருந்த ஒவ்வொரு பொருளையும் பம்பின்மேல் வைத்துப் பார்த்தோம். பத்தாம் நாள் இணையத்தில் விடையைத் தேடிப் படித்து மச்சானுக்குச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே போய், வண்டியிலிருந்த டூல்ஸ் பெட்டியைத் திறந்து, பிடிப் பகுதியில் பெயின்ட் உரிந்த ஒரு கருவியை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "இது ஸ்க்ரூ ஸ்பானரு. பெருசு வேணும்னா பைப் ரிஞ்சு. இருபத்திரண்டு வருசமா இதைக் கையில பிடிக்கிறேன். இதுல குரங்கு எங்க மச்சான் இருக்கு?" என்றார். அன்றிரவு அதற்குமேல் நாங்கள் விளையாடவில்லை. ஒரு பம்பை எப்படி நிறுத்துவது என்பதை இராமநாதபுரம் கடற்கரையில் அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் மிகக் குறைவு. அப்படிப்பட்டவரை, பம்பைப் பற்றிய ஒரு புதிரிலேயே, ஒரு சொல் தெரியவில்லை என்பதற்காக அந்த விளையாட்டு வெளியே நிறுத்திவிட்டது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கோபம் கூடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான ரான் கில்பர்ட், சாகச விளையாட்டுகள் ஆடுபவரை எப்படியெல்லாம் அநியாயமாக அலைக்கழிக்கின்றன என்று 1989இலேயே ஒரு கட்டுரை எழுதியவர். முன்பே எடுத்திருக்க வேண்டிய பொருளை எடுக்க மறந்ததற்காக ஒருவரைப் பாதி வழியில் முட்டுச்சந்தில் நிறுத்தக் கூடாது, செத்துப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நிலையும் கூடாது என்பவை அவர் வகுத்த நெறிகள். அவற்றின் அருமை 1990இல் வந்த கிங்ஸ் குவெஸ்ட் 5 ஆடியவர்களுக்குத் தெரியும். அதில் ஓர் எலியைப் பூனை துரத்தும் சில நொடிகளுக்குள் எதையாவது எறிந்து அந்த எலியைக் காப்பாற்றாவிட்டால், வெகுநேரம் கழித்து ஒரு நிலவறையில் கட்டுண்டு கிடக்கும்போது கயிற்றைக் கடித்து விடுவிக்க எலி வராது. அத்தோடு ஆட்டம் முடிந்தது. மங்கி ஐலண்டில் அத்தகைய கொடுமை எதுவும் கிடையாது. இவ்வளவு நியாயமாகச் சிந்தித்தவரின் விளையாட்டில் அந்தக் குரங்கு இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆனாலும் நடுநிலையாகப் பார்த்தால், அவர்கள் தங்கள் மொழியில் தங்கள் மக்களுக்காக விளையாடியிருக்கிறார்கள். என் பாட்டி வீட்டு நெற்குதிர் அறைக்கு ஆமைப்பூட்டு போட்டிருக்கும். நாளை நம் ஊர்ப் பையன் ஒருவன் ஒரு சாகச விளையாட்டைச் செய்து, பூட்டில்லாத கதவொன்றைக் காட்டி, மன்னார் வளைகுடாவிலிருந்து ஓர் ஆமையைப் பிடித்து வந்து அந்தக் கதவில் தொங்கவிட வேண்டும் என்று வைத்தால், நாமெல்லாம் கைதட்டி மகிழ்வோம். கலிஃபோர்னியாவில் இருப்பவன் ஒன்பது இரவு விழித்திருப்பான். இதை நினைத்துக்கொள்ளும்போது கோபம் கொஞ்சம் தணியும். ஆமையும் குரங்கும் ஒன்றுதான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அடுத்த முறை அந்தப் பம்பைப் பார்க்கும்போது பழையபடி கோபம் வந்துவிடுகிறது.

மச்சானுக்கு எந்தச் சொல்லும் தேவைப்படாத இடங்களும் இந்த விளையாட்டுகளில் உண்டு. 1996இல் வந்த ப்ரோக்கன் ஸ்வோர்ட் முதல் பாகத்தில் அயர்லாந்துக் கோட்டை ஒன்றில் ஒரு ஆடு கட்டிக் கிடக்கும். ஏணிப்பக்கம் போனாலே முட்டித் தள்ளிவிடும். உலகம் முழுவதும் இந்த ஆட்டைத் திட்டாதவர்கள் குறைவு. ஏனெனில் அதுவரை நிதானமாக யோசிக்கவிட்ட விளையாட்டு, அந்த ஓரிடத்தில் மட்டும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வேகத்தைக் கேட்கிறது. நானும் திட்டினேன். மச்சான் இரண்டு முறை மட்டும் பார்த்துவிட்டு, "முட்டிட்டுத் திரும்பி நடக்குதுல்ல, அந்த நேரத்துல அந்த இரும்புச் சாமான் பக்கம் ஓடுங்க, கயிறு அதுல சிக்கிக்கும்" என்றார். சிக்கிக்கொண்டது. எங்கள் தெருவில் மாலையில் பத்து ஆடுகளாவது அவிழ்ந்து திரியும். அவருக்கு அது புதிராகவே தெரியவில்லை.

இந்த நான்கு வருடத்தில் எதிர்பாராமல் கிடைத்த பேரானந்தம் மெஷினேரியம். செக் நாட்டின் அமானிட்டா டிசைன் குழு 2009இல் வெளியிட்டது, கைப்பேசியிலும் கிடைக்கிறது. கதை முழுவதிலும் ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. ஒருவருக்கு என்ன வேண்டும் என்பதும், முன்பு என்ன நடந்தது என்பதும் தலைக்கு மேல் ஒரு குமிழியில் கோட்டுச் சித்திரமாக ஓடும். காயலான் கடைச் சரக்காகக் குப்பைமேட்டில் கொட்டப்பட்ட ஒரு சின்ன ரோபோ, சிதறிய தன் உடலைத் தானே பொருத்திக்கொண்டு எழுவதில் ஆட்டம் தொடங்குகிறது. அந்தக் காட்சியைப் பார்த்த மச்சான் நாற்காலியை இழுத்து என் முன்னால் போட்டுக்கொண்டார். சாலைக் கூம்பு ஒன்றுக்கு நீல நிறம் ஏற்றி, அதன்மேல் ஒரு பல்பை மாட்டித் தொப்பியாக்கி, காவலனைப்போல வேடமிட்டு நகருக்குள் நுழைய வேண்டிய இடத்தை அவர் தனியாகவே முடித்தார். முதன்முறையாக, நான் எதையும் மொழிபெயர்க்காமல் வெறுமனே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரை முழுவதும் மௌஸைத் தேய்த்துப் பொருள் தேடும் அலுப்பும் இதில் இல்லை. ரோபோ நிற்கும் இடத்தில் கைக்கெட்டும் பொருளை மட்டுமே தொட முடியும், எட்டாததற்கு அதன் உடலை நீட்டவோ குறுக்கவோ வேண்டும். திணறினால் ஒரு காட்சிக்கு ஒரு குறிப்பு கிடைக்கும். முழு விடையும் வேண்டுமென்றால், ஒரு சாவியைப் பறக்கவிட்டுச் சிலந்திகளைச் சுட்டுக்கொண்டே போகும் குட்டி ஆட்டம் ஒன்றை முடித்தால்தான் விடைப்புத்தகம் திறக்கும். விடையை எட்டிப் பார்க்க நினைப்பவரை அது இரண்டு நிமிடம் நிறுத்தி, மறுபடி யோசிக்க வைக்கிறது. குறை என்றால், மதுக்கடையில் ஐந்து காய்களை ஒரே வரிசையில் சேர்க்கும் ஆட்டத்தில் ஒரு ரோபோவை வென்றாக வேண்டும் என்பது. அதற்கும் கதைக்கும் தொடர்பே இல்லை.

ஆகவே மச்சானிடம் மெஷினேரியம் என்றேன். நம் ஊரில் யார் கேட்டாலும், எந்த வயதினருக்கும், தயக்கமே இல்லாமல் இதைத்தான் சொல்வேன். மங்கி ஐலண்ட் 2ஐ வாங்குங்கள் என்று எவரிடமும் சொல்ல மாட்டேன்.

பதினொரு நாளில் மச்சானின் மகள் அதை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். நன்றாக இருந்தது என்றாள். பிறகு, "மாமா, இதுல யாருமே பேச மாட்டேங்கிறாங்க. நீங்க அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுவீங்களே, சண்டையில பதிலுக்குப் பதில் பேசுற கேமு, அது வேணும்" என்று கேட்டாள். அவள் கேட்டது 1990இல் வந்த முதல் மங்கி ஐலண்டை. அதில் வாட்சண்டையை வெல்வது கையின் வேகமன்று. எதிராளி ஏளனமாக ஒரு வரி சொன்னால், அதற்குச் சரியான எதிர்வரியைச் சொல்பவனே முன்னேறுவான். கிட்டத்தட்ட நம் எசப்பாட்டு. தோற்றுத் தோற்றுத்தான் வரிகளைச் சேகரிக்க வேண்டும். கடைசியில் வாள்வித்தைத் தலைவி சொல்லும் ஏளனங்கள் முற்றிலும் புதியவை. ஆனால் பழைய எதிர்வரிகளே அவற்றுக்கும் பொருந்தும். எந்த வரிக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பதில் மச்சானும் நானும் நடு இரவுவரை சிரித்திருக்கிறோம். அன்று நான் விழுங்கிய பெயரும் இதுதான்.

இப்போது அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இடப்பக்கம் ஏளன வரிகளை ஆங்கிலத்தில் எழுதுகிறாள். வலப்பக்கம் அவற்றின் தமிழை எழுதுகிறாள், அதில் சில என் தமிழைவிடக் கூர்மையாக இருக்கின்றன. அடுத்த வாரம் இரண்டாம் பாகத்தைத் தொடங்குவோம். நீர்வீழ்ச்சிக்கு வந்ததும் அந்தக் கருவியின் அமெரிக்கப் பெயரை நானே சொல்லிவிடப் போகிறேன். அன்றைக்கு டூல்ஸ் பெட்டியோடு வரும்படி மச்சானிடமும் சொல்லியாயிற்று.