30 நாளில் அழியும் மின்னஞ்சல்: தண்டர்பேர்டா, அவுட்லுக்கா?

குன்னூர் தேயிலை ஏலத்தை நம்பியிருக்கும் சிறு அலுவலகங்களுக்கு ஏலப் பட்டியல், விலை விவரம், பில் எல்லாம் மின்னஞ்சலில்தான் வருகின்றன. பெட்டி சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் 30 நாள் கடந்தவற்றைச் சர்வரே அழித்துவிடும்படி அமைப்பவர்கள் உண்டு. டவ்காட் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருளில் அதற்கு ‘ஆட்டோஎக்ஸ்பஞ்ச்’ என்று ஒரு வரி எழுதினால் போதும். பழைய பில் காணாமல் போன பிறகுதான், கணினியில் மின்னஞ்சல் படிக்கத் தண்டர்பேர்ட், அவுட்லுக் இரண்டில் எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்வி எழுகிறது.

சர்வரில் உள்ளதை அப்படியே கணினியிலும் காட்டும் ஐமேப் முறையில் இரண்டும் ஒன்றுதான். சர்வரில் அழிந்தது, அடுத்த முறை இணையும்போது கணினியிலும் மறைந்துவிடும். கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் இறக்கிய நகல் கணினியிலேயே தங்கிவிடும். கணக்கு வழக்குக்காகக் கடிதங்களைச் சேர்த்துவைப்பவர்களுக்கு என் ஓட்டு பாப்புக்கே. ஆனால் தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கோத்தகிரிப் பக்கம் கேபிள் அறுந்தால், கெடுவுக்குள் இறக்காத கடிதம் போனதுதான். எத்தனை நாள் வைத்திருப்பேன் என்று சர்வர் முன்கூட்டியே அறிவிக்க, பாப் நெறிமுறையில் 1998-லேயே ‘எக்ஸ்பயர்’ என்று ஒரு வசதி சேர்த்தார்கள். அந்தத் தகவலைத் திரையில் காட்டும் மென்பொருள் எதையும் நான் பார்த்ததில்லை.

பாப்பில் சர்வரில் விட்டுவைக்கும் நகலை 14 நாளில் நீக்கும் ஏற்பாடு இரண்டிலும் உண்டு. வீட்டுக் கணினியிலும் அதே கணக்கைத் திறப்பவர்கள் அந்த எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வேறுபாடு மற்ற இடங்களில் இருக்கிறது. அவுட்லுக்கில் அனுப்புபவர் காலாவதித் தேதி குறிக்கலாம். தேதி கடந்தால் தலைப்பின் மேல் ஒரு கோடு விழும், அவ்வளவுதான், கடிதம் அழியாது. தண்டர்பேர்ட் அத்தனை சாது அல்ல. அண்மைய 30 நாள் கடிதங்களை மட்டும் கணினியில் வை என்பதும், பழைய கடிதங்களை அழி என்பதும் அதன் அமைப்புப் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது தீங்கற்றது, இரண்டாவது சர்வரில் உள்ள மூலத்தையும் சேர்த்து அழித்துவிடும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தவரை என்னவென்று சொல்வது! நட்சத்திரமிட்டவற்றைக் காப்பாற்றும் தேர்வுப் பெட்டி அங்கேயே இருக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

இருந்தும் நான் தண்டர்பேர்டையே சொல்வேன். கைபேசியிலும் படிக்க ஐமேப்தான் வேண்டும் என்பவர்கள், வரும் பில்களைக் கணினியிலேயே இருக்கும் ‘லோக்கல் போல்டர்ஸ்’ பகுதிக்கு நகலெடுக்கும்படி அதில் ஒரு வடிகட்டி அமைத்துவிடலாம். சர்வரின் அழிப்பு அங்கே எட்டாது. டிஸ்க் பழுதானால் அந்த நகலும் போய்விடும். மாதம் ஒருமுறை பென்டிரைவில் எடுத்துவைக்க வேண்டும்.