பக்கத்து வீட்டுக்காரர் போட்ட கூரை: மூன்று மழைக்காலம் கழித்து

பர்மாவின் பெகு ஊரில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "கூரை மாத்தணும். பக்கத்து வீட்டுலயே ஒரு மேஸ்திரி இருக்கான். அவனையே கூப்பிடலாமா?" போனில் பாதிதான் சொன்னேன். மீதி இது.

ரங்கூனை ஒட்டிய தன்லியினில் எங்கள் வீட்டுத் தகரக் கூரையை 2023 மே மாதம் மாற்றினோம். வேலை செய்தவர் வேலிக்கு அந்தப்புறம் குடியிருக்கும் பர்மாக்காரர். வயதில் இளையவர். நான் 'ஞீலே' (தம்பி) என்பேன், அவர் 'அக்கோ' (அண்ணன்) என்பார்.

வேலையைக் குறை சொன்னால் பாவம் பிடிக்கும். பழைய கூரையில் ஆணியைத் தகரத்தின் பள்ளத்தில் அடித்திருந்தார்கள். தண்ணீர் ஓடுவதே பள்ளத்தில்தான். ஆணி கொஞ்சம் ஆட்டம் கண்டால் ஒழுகாமல் என்ன செய்யும்? இவர் ஒவ்வொன்றையும் மேட்டில் அடித்தார், ரப்பர் வாஷர் வைத்து, அது பிதுங்காத அளவுக்கு மட்டும் இறுக்கி. தகரம் போடுவதையும் காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர் ஓரத்திலிருந்துதான் தொடங்கினார். அப்போதுதான் மேல் தகரத்தின் விளிம்பு காற்றைப் பார்க்காதாம். 2008 நர்கிஸ் புயலில் கூரைகள் பறந்ததைப் பார்த்த ஆள். மூன்று மழைக்காலம் போய்விட்டது, ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. ரங்கூன் பக்கத்து மழையில் நனைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ஆனால் மூன்று நாள் வேலை பத்தொன்பது நாள் ஆனது. பக்கத்து வீடுதானே! காலையில் இரண்டு தகரம், அப்புறம் "சாப்பிட்டு வரேன்". கொஞ்ச நேரத்தில் வேலிக்கு அந்தப்பக்கம் குறட்டை கேட்கும். ஒரு நாள் உபோசதம் என்னும் புத்த விரதம், இரண்டு நாள் மைத்துனர் வீட்டு ஷின்பியூ, அதாவது பையனை இளந்துறவி ஆக்கும் சடங்கு. முதல் மழை இறங்கியபோது பாதி வீடு தார்ப்பாயின் கீழ் இருந்தது. வெளி ஆளாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பேன். அன்று காலையில்தான் அவர் மனைவி ஒரு கிண்ணம் மொஹிங்கா (மீன் குழம்பு நூடுல்ஸ்) கொடுத்தனுப்பியிருந்தார். அடுத்தவர் மனம் நோகுமே என்ற தயக்கத்தை பர்மாவில் 'ஆனாடே' என்பார்களே, அதேதான். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை.

கூலி கேட்டால், "யபாடே (பரவாயில்லை) அக்கோ, பார்த்துக் கொடுங்க." அப்போது அரசு வைத்திருந்த குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 4,800 சாட். மேஸ்திரியிடம் அந்தக் கணக்கு செல்லுமா? வெளியில் விசாரித்ததற்கு மேலேயே கொடுத்தேன். குறைத்துக் கொடுத்துவிட்டோமோ என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேன், அந்த மூங்கில் ஏணியைத் தவிர. வேலை முடிந்த அன்று எங்கள் மாமரத்தில் சாய்த்து வைத்தார். இன்னும் அங்கேயே நிற்கிறது. அடிப்படியில் பாசி பிடித்துவிட்டது, மேல்படியில் அவருடைய கைலி காய்கிறது. வேறு வேலை வந்தால் எடுத்துப் போவார், சாயங்காலம் அதே இடத்தில் கொண்டுவந்து சாய்ப்பார். என்னிடம் இரவல் வாங்கியதுபோல நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்.

ஆகவே நண்பா, வேண்டாம். தெரியாத ஆளைப் பிடி, முதலிலேயே விலை பேசு, கோபம் வந்தால் தாராளமாகக் கத்து.

எங்கள் சமையற்கட்டுத் தகரமும் துருப்பிடித்துவிட்டது. திஞ்சான் புத்தாண்டு முடிந்ததும் ஞீலேயிடம்தான் சொல்ல வேண்டும். ஏணியும் இங்கேதானே இருக்கிறது.