மின்னல் தாக்கியதாகச் சொல்லி மாற்றப்பட்ட வன்தட்டு: ஹட்டனில் எனக்கு நேர்ந்தது

தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிக்கும் நான், கடந்த ஐப்பசி மாதம் என் கணினியை ஹட்டன் நகரிலுள்ள ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்து ஏமாந்தேன். தொடக்கத்தில் நேர்ந்த பிழை என்னுடையதுதான். மாணவர்களின் சாதாரண தரப் பயிற்சித்தாள்கள் இருந்த வெளி வன்தட்டு ஒவ்வொரு முறையும் தானாகவே இணைய வேண்டும் என்பதற்காக, என் கணினியின் இயங்குதளமான உபுண்டுவில், தொடங்கும்போது எந்தெந்த வட்டுகளை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் என்னும் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்திருந்தேன். மறுநாள் அந்த வெளிவட்டைக் கழற்றிவிட்டு இயக்கியபோது, கணினி ஒன்றரை நிமிடம் அதற்காகக் காத்திருந்து, பின்னர் எமர்ஜென்சி மோட் (அவசர நிலை) என்ற அறிவிப்புடன் கறுப்புத் திரையில் நின்றுவிட்டது.

கடைக்காரர் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. “டீச்சர், மின்னல் அடிச்சி ஹாட் டிஸ்க் எரிஞ்சிருச்சி, புதுசுதான் போடணும்” என்றார். பிற்பகல்தோறும் இடி இடிக்கும் அந்தக் காலத்தில் எங்கள் லயத்திலேயே இரண்டு வீடுகளில் தொலைக்காட்சி பழுதாகியிருந்ததால், நான் அதை நம்பி 18,500 ரூபா கொடுத்தேன். பற்றுச்சீட்டுக்குப் பதிலாக, தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுத்தாளே கிடைத்தது. பழைய வட்டு இனி உதவாது, இங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னபோது, அப்பாவின் கடைசிப் புகைப்படங்கள் அதில் இருந்ததால் மட்டுமே நான் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கி வந்தேன்.

கண்டியில் கணினித் துறையில் வேலை செய்யும் என் பெரியம்மா மகன், தீபாவளிக்கு வந்தபோது அந்த வட்டைத் தன் மடிக்கணினியில் இணைத்துப் பார்த்தார். எல்லாக் கோப்புகளும் அப்படியே இருந்தன. வட்டின் நலத்தைக் காட்டும் பரிசோதனையிலும் எந்தக் குறையும் இல்லை. “அக்கா, அந்தக் கறுப்புத் திரையில் வந்த எழுத்தே இந்த வட்டிலிருந்துதான் வந்தது, எரிந்திருந்தால் அதுவும் வந்திருக்காது” என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. வட்டு உண்மையில் செயலிழந்திருந்தால், இயங்குதளம் தொடங்கும் முன்பே கணினியில் இணைந்துள்ள வட்டுகளைக் காட்டும் பயாஸ் திரை அதைப் பட்டியலிலேயே காட்டாமல் விட்டிருக்கக்கூடும். உபுண்டு தொடங்கி, அவசர நிலை வரை சென்று நிற்க வழியே இல்லை.

செய்ய வேண்டியிருந்ததோ மிகச் சிறிய வேலை. அந்தத் திரையில் எண்டர் விசையை அழுத்தி உள்ளே சென்று, எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து, நான் சேர்த்த வரி செயல்படாதபடி அதன் முன்னால் # குறியை இட்டுச் சேமித்து, மீண்டும் இயக்கியிருந்தால் போதும். அது முடியாவிட்டால், உபுண்டு ஏற்றிய ஒரு பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடக்கி அதே கோப்பைத் திருத்தலாம். வெளிவட்டுக்கான வரியில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்திருந்தால், வட்டு இல்லாவிட்டாலும் கணினி நிற்காமல் தொடங்கியிருக்கும்.

பணம் போனதைவிட, என் மாணவர்களின் புள்ளிப் பட்டியல்களும் பெற்றோரின் தொலைபேசி இலக்கங்களும் இருந்த ஒரு நல்ல வட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ள அவர் முயன்றதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. ஆகவே யாராவது உங்கள் வன்தட்டு எரிந்துவிட்டது என்று சொன்னால், பயாஸ் திரையில் அது தெரிகிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். கழற்றிய வட்டை எக்காரணத்துக்காகவும் கடையில் விட்டுவிடாதீர்கள்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். அந்தத் துண்டுத்தாளின் பிரதியையும் பரிசோதனை முடிவையும் இணைத்து, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் முறையிடலாம்.