முப்பதுக்கு முன்னும் பின்னும்

2023 மார்ச் 17 இரவு, அறையில் வைத்த ரசம் அடுப்பிலேயே ஆறிப்போனது. தரவரிசையில் முதலிடம் பெற்றிருந்த எங்கள் பர்டூ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, பதினாறாம் இடத்து ஃபேர்லே டிக்கின்சனிடம் 63–58 என்று தோற்றுக்கொண்டிருந்தது. எதிரணி, கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவிலேயே உயரம் குறைந்த அணி. எங்கள் பக்கமோ ஏழடி நான்கு அங்குல ஸேக் ஈடி! “இனி அவர் இங்கே இருக்க மாட்டார், என்.பி.ஏ.வுக்குப் போய்விடுவார்” என்றான் அறைத்தோழன்.

அதே வசந்தத்தில் எனக்கும் ஒரு முடிவு காத்திருந்தது. ஆராய்ச்சிப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஒரு நல்ல வேலை வந்தது. முதுகலைப் பட்டத்தோடு கிளம்பிவிட்டேன். ஈடி கிளம்பவில்லை. நான் போனவன் என்றாலும், கல்லூரிக் கூடைப்பந்து வீரனுக்கு, தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்கு அவசரப்பட்டுப் போகாமல் கல்லூரியிலேயே இருப்பதுதான் பெரும்பாலும் நல்லது என்றே நினைக்கிறேன்.

பட்டமா கனவா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. பட்டத்தைப் பிறகு கோடை விடுமுறைகளில் வந்தும் முடிக்கலாம். டியூக் பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டு ஆடி, என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2025இல் முதல் பெயராக டல்லாஸுக்குப் போன கூப்பர் ஃப்ளாக் போன்றவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. கேள்வியெல்லாம் அவர்களுக்குக் கீழே நிற்பவர்களுக்குத்தான்.

எல்லாவற்றையும் முடிவு செய்வது 30 என்ற எண். டிராஃப்டின் முதல் முப்பது இடங்களான முதல் சுற்றில் தேர்வாகிறவனுக்கு முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. தொகையும் ஏறக்குறைய இடத்தை வைத்தே தீர்மானமாகிவிடும். 31இல் தொடங்கும் இரண்டாம் சுற்றில் அந்த உறுதி கிடையாது, அணி கொடுப்பதுதான். பலருக்குக் கிடைப்பது என்.பி.ஏ.வுக்கும் அதன் கீழ்நிலை லீகான ஜி லீகுக்கும் இடையே அலைய வைக்கும் இருவழி ஒப்பந்தம். 2023–24இல் அதற்குச் சம்பளம் சுமார் 5.6 லட்சம் டாலர். அதிகபட்சம் 50 என்.பி.ஏ. ஆட்டங்கள். நம் கணக்கில் அது பெரிய தொகைதான். ஆனால் எனக்கு உறுத்துவது தொகை அல்ல. உறுதிப்பணம் போட்ட அணி, போட்ட பணத்துக்காகவாவது பொறுமை காட்டும். பத்து ஆட்டம் சொதப்பினாலும் பதினோராவதில் இறக்கிப் பார்க்கும். இருவழிக்காரனை அனுப்பிவிட்டு அடுத்தவனை அழைக்க யாரும் யோசிப்பதில்லை. முப்பதாவது ஆளுக்கும் முப்பத்தொன்றாவது ஆளுக்கும் திறமையில் மயிரிழை வித்தியாசம்தான். வாய்ப்பில் மலையும் மடுவும்.

2023இல் பல கணிப்புகள் ஈடியை இரண்டாம் சுற்றில்தான் வைத்திருந்தன. பெயர் கொடுத்துப் பார்த்தவர், கடைசி நாளான மே 31 அன்று விலகிக்கொண்டார். அடுத்த ஆண்டு, தொடர்ந்து இரண்டாம் முறையாக நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் ஆனார். தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் கனெக்டிகட்டிடம் தோற்றாலும் அவர் மட்டும் 37 புள்ளிகள் எடுத்தார். பிறகு மெம்பிஸ் அவரை ஒன்பதாவதாக எடுத்தது. முதல் ஆண்டுச் சம்பளமே ஐம்பது லட்சம் டாலருக்கு மேல்.

இத்தனைக்கும், கல்லூரி வீரர்களுக்கு அனுமதி கிடைத்த 2021 ஜூலையிலிருந்து சக வீரர்கள் விளம்பரங்களில் சம்பாதித்ததுபோல் அவரால் முடியவில்லை. கனடாக்காரர், என்னைப் போலவே மாணவர் விசா. நண்பரின் கடைக்கு வலைத்தளம் செய்து கொடுத்துவிட்டு, விசாவுக்குப் பயந்து பணத்தை மறுத்து, ஒரு டப்பா முறுக்கோடு திரும்பியவன் நான். அவர் கைவிட்டது எவ்வளவு என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

விசாத் தொல்லை இல்லாதவர்களுக்கு இப்போது கணக்கே வேறு. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்குப் பணம் தரலாம். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து 2025–26இல் ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை. முன்கூட்டியே டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 2021இல் 353 பேர், 2025இல் 106 பேர். கொரோனாவுக்காகக் கொடுத்த கூடுதல் ஆண்டு முதல் எண்ணை ஊதிக்காட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போவதற்கும் நியாயம் உண்டு. ஓஹையோ ஸ்டேட்டின் ஜாரெட் சலிஞ்சர் 2011இல் போயிருந்தால் முன்வரிசையில் தேர்வாகியிருப்பார் என்றார்கள். இருந்தார். மறு ஆண்டு முதுகுப் பிரச்சினை தெரியவந்து 21ஆம் இடத்துக்கு இறங்கினார். வயதுக் கணக்கும் இருக்கிறது. முதல் ஒப்பந்தத்தின் நான்கு ஆண்டு முடியும்போது ஃப்ளாக்குக்கு 22 வயது, ஈடிக்கு 26. பெரிய பணம் இரண்டாம் ஒப்பந்தத்தில்தான் என்பதால், கல்லூரியில் தங்கும் ஆண்டின் விலை முதல் ஆண்டுச் சம்பளம் அல்ல, உச்சத்தில் இருக்கும் ஓர் ஆண்டின் சம்பளம். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இரண்டாம் ஒப்பந்தம் வரை நிலைத்தவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும் என்று மட்டும் சொல்வேன்.

நான் அந்த வேலையை விட்டிருந்தால் அடுத்த ஆண்டு இன்னொன்று வந்திருக்கும். வீரனுக்கு அப்படி இல்லை. ஆனாலும் 2016 முதல் பெயர் கொடுத்து, அணிகளிடம் தன் மதிப்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, கெடு முடிவதற்குள் விலகும் வழி இருக்கிறது. இருபதாவது இடத்துக்குள் என்றால் போகலாம். முப்பதுக்கு அப்பால் என்றால் இருக்கலாம். இடையில் நிற்பவர்கள் விஷயத்தில் எனக்கே தடுமாற்றம்தான். ஓர் அணியாவது எடுப்போம் என்று வாய்விட்டுச் சொன்னால் போகட்டும். முதுகு வலிப்பவன் என்றால் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.