கூட்டெருவா, உயிர்வாயுவா: உங்கள் பட்டிக்கு எது?

மட்டக்களப்பில் மாடு வைத்திருப்பவர் சாணத்துக்கு வழி கேட்டால் இந்த இரண்டு பெயர்கள்தான் அடிபடும்.

உயிர்வாயு என்பது மூடிய கலனில் சாணம் நொதித்து வரும் எரிவாயு. அது அடுப்பெரிக்கும், கலனில் மிஞ்சும் கரைசல் பயிருக்குப் போகும். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு வேண்டுமென்றால் ஏறத்தாழ 50 கிலோ பச்சைச் சாணம், அதேயளவு தண்ணீருடன், தவறாமல் ஊற்ற வேண்டும். பெரும்போகத்தில் மாடுகளை மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துவிட்டால் கலன் பட்டினிதான். வீட்டோடு கட்டித் தீனி போடுகிறவருக்கே இது சரிவரும். கலன் கட்டுமுன் கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஒருதரம் விசாரியுங்கள்.

கூட்டெருவுக்கு அந்த அவசரம் இல்லை. சாணத்தோடு வைக்கோல் கலந்து குவித்து, ஈரம் காத்துப் புரட்டி வந்தால் உள்ளே 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும். களை விதைகள் பெரும்பாலும் சாகும். (சூடு பார்க்க ஓர் இரும்புக் கம்பி போதும்.) 2, 3 மாதத்தில் எரு தயார். சந்தேகம் வந்தால் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம். என் தெரிவு இதுதான். ஐப்பசி மழைக்கு முன் தறப்பாள் போட மறக்க வேண்டாம்; எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடலோரப் பக்கம்) மணலில் எருக்குவியலின் சாறு இறங்கினால் முதலில் கெடுவது கிணறு.