கருத்தரங்கில் வாழையிலைப் பந்தியும் மஞ்சப்பையும்

கோவையில் நடைபெற்ற வேளாண் கருத்தரங்கின் உணவு ஏற்பாட்டை மனமாரப் பாராட்டுகிறேன். மதிய உணவை வாழையிலையில் பந்தியாகப் பரிமாறி, கேட்டவர்க்குக் கேட்ட அளவே இட்டதனால், பஃபே முறையில் வழக்கமாகக் குவியும் மிச்சம் இங்கே மிகக் குறைவாக இருந்ததோடு, எச்சில் இலைகளும் நேரே உரக்குழிக்குச் சென்றன. குதிரைவாலி சாம்பார் சாதம் அருமை. தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தவர்கள், தேநீரைக் காகிதக் கோப்பையில் தந்தது பெருங்குறை. உட்புறம் பிளாஸ்டிக் பூசிய அத்தகைய கோப்பைகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை செய்யப்பட்டவை. அன்பளிப்பாகக் கிடைத்த மஞ்சப்பை கனமான பருத்தித் துணியில் நன்றாகத் தைக்கப்பட்டிருந்தது. எனினும் நிகழ்ச்சியின் பெயரையும் தேதியையும் பெரிதாக அச்சிட்ட பையைச் சந்தைக்கு எடுத்துச் செல்லப் பலர் தயங்குவர் என்பதை ஏற்பாட்டாளர்கள் எண்ணியிருக்கலாம். உள்ளே வைத்திருந்த கீரை விதைப் பொட்டலம் மிகப் பொருத்தமான தேர்வு. அடுத்த முறை பெயரட்டைகளையும் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.