கயிறு இறுகின புல் வெட்டும் மெஷினுக்கு 7,200 ரூபாய்: குன்னூர் பக்கம் இருக்கிறவங்க உஷார்

7,200 ரூபாய். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மாட்டினதுக்கு. இன்னைக்கு மதியம்தான் தெரிஞ்சது, வயிறு எரியுது.

ஐப்பசி மழை, ஈரமான கிக்குயு புல் பிளேடுக்கு அடியில அப்பிக்கிச்சு. தோட்டத்துத் தம்பி மெஷினைச் சாய்ச்சுப் போட்டுச் சுரண்டியிருக்கான், ஏர் ஃபில்டர் பக்கம் கீழே போற மாதிரி. நிமிர்த்தி இழுத்தா ஸ்டார்ட் பண்ற கயிறு ஒரு சாண் வந்து டக்குனு நின்னுருச்சு. நான் கோயம்புத்தூர்ல இருந்தேன். மோட்டார், மரம் அறுக்கிற மெஷின் எல்லாம் ரிப்பேர் பாக்கிற ஒரு கடைக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

மறுநாள் வாட்ஸ்அப்ல கோடு கோடா கீறல் விழுந்த பிஸ்டன் போட்டோ. "எஞ்சின் சீஸ் ஆயிருச்சு சார், பிஸ்டன் உள்ளேயே இறுகிப் போச்சு. பிஸ்டன், ரிங், கனெக்டிங் ராடு மாத்தணும், 7,200 ஆகும். உங்களுக்காக லேபர் குறைச்சுத்தான் சொல்றேன்." போட்டோவே அனுப்பிட்டாரே, இதுக்கு மேல என்ன கேக்கிறதுன்னு அப்பவே பணத்தைப் போட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்து ஆயில் அளவு பாக்கிற டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தா ஆயில் கரிக்கருப்பு. கனெக்டிங் ராடு மாத்தணும்னா ஆயிலை வடிச்சு கிராங்க்கேஸை, அதாவது ஆயில் இருக்கிற எஞ்சின் அடிப்பெட்டியைப் பிரிக்கணும். பிரிச்சிருந்தா பழைய ஆயில் அதுல எப்படி இருக்கும்? ஹெட் போல்ட்டுல ஸ்பேனர் பட்ட தடமே இல்ல, பெயிண்ட் அப்படியே இருக்கு. சிலிண்டர் ஃபின் இடுக்குல போன மாசத்துக் காய்ஞ்ச புல் அசையாம கிடக்கு. அந்தப் போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன்: பிஸ்டன்ல ரிங் உக்கார்ற பள்ளம், அதாவது காடி, ரெண்டே ரெண்டு. அது டூ ஸ்ட்ரோக் பிஸ்டன். எங்க மெஷின் ஃபோர் ஸ்ட்ரோக், மூணு காடி இருக்கணும்.

நடந்தது இவ்வளவுதான். ஃபில்டர் பக்கம் கீழே போனதுல ஆயில் சிலிண்டருக்குள்ள இறங்கியிருக்கு. காத்து அமுங்கும், ஆயில் அமுங்காது. பிஸ்டன் மேல ஏற முடியாம நிக்கும், கயிறும் நிக்கும். பிளக்கைக் கழற்றி (எங்களுதுக்கு 21 எம்எம் ஸ்பேனர்), ஓட்டையில துணி போட்டு, முகத்தைத் தள்ளி வச்சுக்கிட்டு மெதுவா அஞ்சாறு தடவை இழுத்தா ஆயில் வெளிய வந்துரும். பிளக்கைத் துடைச்சு மாட்டி, குறைஞ்ச ஆயிலை டிப்ஸ்டிக் மேல்கோடு வரைக்கும் ஊத்தணும். ஃபில்டர் பேப்பர் ஆயில்ல நனைஞ்சிருந்தா புதுசு. ஸ்டார்ட் பண்ணின உடனே கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வரும், சைலன்சர்ல தங்கின ஆயில் எரியிறது அது.

போன் பண்ணினா முதல்ல "மெக்கானிக் மேட்டுப்பாளையம் போயிருக்கார்". அடுத்து "பழைய பார்ட்ஸ் எல்லாம் காயலான் கடைக்குப் போயிருச்சு". பில் கேட்டா "அப்பவே சொல்லியிருக்கணும் சார், இப்பப் போட்டா ஜிஎஸ்டி தனி". 7,200 வாங்கும்போது அந்த ஜிஎஸ்டி ஞாபகம் வரல. இப்ப போனையே எடுக்கிறதில்ல.

விவரமா எழுதணும்னு உக்காந்தேன், இப்போதைக்கு இதை மட்டும் பாத்துக்கோங்க. எதுல கை வைக்கிறதா இருந்தாலும் முதல்ல பிளக் ஒயரைப் பிடுங்கிடுங்க. சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல்பக்கம் இருக்கட்டும். ஹேண்டில்ல பிரேக் லீவர் இருந்தா அதை ஹேண்டிலோட சேர்த்துப் பிடிக்காம இழுத்தாலும் கயிறு கல்லு மாதிரிதான் இருக்கும். பிளேடுல புல் சிக்கியிருக்கான்னு பாருங்க. கடைக்காரர் "சீஸ்"னு சொன்னா, பிளக்கைக் கழற்றிட்டு உங்க மெஷின் கயிற்றை இழுத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்க. பழைய பார்ட்ஸ் கைக்கு வராம ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீங்க.